ஏ.என்.ஏ. பொசிட்டிவ் என்றால் லூபஸா?

கார்த்திகை, மார்கழி மழையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்குவும் பரவும். அந்த நாள்களில் காய்ச்சல், உடம்பு நோவு, குருதிச் சிறுதட்டுக் குறைவு என்று ஒருவர் வந்தால் முதலில் டெங்கைச் சந்தேகிப்பதே சரி. ஆனால் டெங்கு பத்து நாளுக்குள் ஓய்ந்துவிடும். மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், காலையில் மடக்க முடியாமல் இறுகும் விரல்கள், வாயில் நோகாத புண், சீப்போடு கொத்தாக வரும் தலைமயிர் எல்லாம் ஓர் இளம்பெண்ணிடம் சேர்ந்திருந்தால் லூபஸையும் நினைக்க வேண்டும். லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

லூபஸில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சொந்தக் கலங்களின் கருவையே அந்நியமாக எண்ணிப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவை படியும் இடமெல்லாம் அழற்சி. ஒருவருக்கு மூட்டில் தொடங்குவது இன்னொருவருக்குச் சிறுநீரகத்தில் தொடங்குவது இதனால்தான். இது தொற்றாது. கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைக்கும் வீடுகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் செம்மை படரும் என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் தோலில் அது பெரும்பாலும் கருமையாகவே தெரியும். வெயிலில் கறுத்துவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

குழப்பம் அதிகம், கலக்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனையில்தான். ரிப்போர்ட்டில் ‘பொசிட்டிவ்’ என்று கண்டதும் வீடே கலங்குகிறது. நல்ல சுகமாக இருப்பவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் அது குறைந்த அளவில் பொசிட்டிவாக வரலாம். நெகட்டிவாக வந்தால் லூபஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதன் உண்மையான பயன் அங்கேதான். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் வைத்தியர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில், 1:80 அளவிலான ஏ.என்.ஏ. வாசற்படி மட்டுமே. அதன்பின் மூட்டு, தோல், குருதி, சிறுநீரகம், ஈரிழை டி.என்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரி, சி3, சி4 புரதங்களின் வீழ்ச்சி என்று புள்ளிகள் சேர்ந்து பத்தாக வேண்டும். ஆய்வுகளுக்காக வகுத்ததென்றாலும், வைத்தியர் எப்படி யோசிக்கிறார் என்பதை அது காட்டுகிறது.

சிறுநீரகப் பாதிப்பு ஆரம்பத்தில் நோகாது. சலம் நுரைப்பதும் காலையில் கண்ணிமை வீங்குவதும் பிந்திய அறிகுறிகள். அதற்கு முன்பே சலப் பரிசோதனை புரதத்தைக் காட்டிவிடும். பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலேயே இலவசமாகச் செய்யக்கூடிய சிறு பரிசோதனை இது. மூட்டு நோவும் விடாத காய்ச்சலுமாக வரும் பெண்ணுக்கு, விலை கூடிய குருதிப் பரிசோதனைகளுக்கு முன்னரே இதைச் செய்துவிடலாம்.