பேரம் பேச வேண்டிய இடம்



350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. சித்தூர், திருப்பதி ஷோரூம்களுக்குப் போகிறவர்கள் பலர் அந்த மகிழ்ச்சியிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆயுள் வரியில் பேரத்துக்கு இடமில்லை. கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் வரும் ‘ஹேண்ட்லிங்’, ‘ஆக்சஸரீஸ்’ தொகைகளில்தான் வாய் திறக்க வேண்டும். கிராஷ் கார்டும் சீட் கவரும் வாங்குபவர் விருப்பம். ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை டீலரிடமே எடுப்பது கட்டாயமல்ல. வெளியே பிரீமியம் விசாரித்துவிட்டுப் போகிறவரிடம் சேல்ஸ்மேன் கொஞ்சம் இறங்கித்தான் பேசுவார்.

ஹெல்மெட்? வண்டியோடு அதையும் தர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 138. பிறகு அதற்கு ஏன் தனிக் காசு?

முன்பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், சித்தூர்