வெள்ளி மீன் மேல் சந்தேகம்

அக்டோபர் கடைசியில் ஸ்காட்லாந்தின் ட்வீட் நதியில் இடுப்பளவு குளிர் தண்ணீரில் தூண்டிலோடு நிற்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆசை. மாட்டுகிற சால்மன் பளபளக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, புதுசாகக் காய்ச்சி ஊற்றிய வெள்ளி மாதிரி இருக்க வேண்டும்.

மீன் என்றால் பளபளக்காதா, இது ஒரு விஷயமா என்று காசிமேட்டில் வஞ்சிரம் பேரம் பேசிப் பழகிய நாம் கேட்போம். சால்மன் சமாசாரம் வேறு. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டை போடுவதற்காக மறுபடி பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிற ஜீவன் அது. ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்புறம் மாதக்கணக்கில் விரதம்தான். கடலில் சேர்த்த கொழுப்பை எரித்தபடியே மேலே ஏறும். வசந்தத்திலோ கோடையிலோ நுழைந்த மீன் இலையுதிர் காலத்துக்குள் பழுப்பேறிவிடும். ஆணாக இருந்தால் செம்பு நிறம், கொக்கி மாதிரி வளைந்த கீழ்த்தாடை. மாப்பிள்ளைக் கோலம். ஆக, அக்டோபரில் ஆற்றில் கிடப்பவற்றில் முக்கால்வாசி கறுத்துப் போன ஆசாமிகள்தான். அதற்கு நடுவே, முந்தாநாள் கடலிலிருந்து வந்த ஒன்று, நீலக்கறுப்பு முதுகும் வெள்ளி விலாவுமாகத் துள்ளினால் எப்படி இருக்கும்?

அது முந்தாநாள்தான் வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? பேன். கடல் பேன். மீனின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாது, சில நாளில் உதிர்ந்துவிடும். பேன் இன்னும் ஒட்டியிருந்தால் மீன் புத்தம் புதுசு. பேனைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1922 அக்டோபர் 7-ம் தேதி, அதே ஸ்காட்லாந்தின் டே நதியில், ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் தன் அப்பாவோடு படகில் போய் ஒரு சால்மன் பிடித்தார். இரண்டு மணி நேரப் போராட்டம். எடை 64 பவுண்டு, நம் கணக்கில் 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் அதுதான் இன்றைக்கும் ரெக்கார்டு. நூறு வருஷம் தாண்டியும் யாரும் முறியடிக்கவில்லை. அந்த மீனை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆற்றில் வந்தது ஆற்று மீன்.

இன்றைக்கு நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு பளபளக்கும் மீன் மாட்டினால், அதைப் பிடித்தவர் முதலில் செய்வது போட்டோ எடுப்பதல்ல. துடுப்புகளை விரித்துப் பார்க்கிறார். ஓரம் தேய்ந்து கந்தலாக இருக்கிறதா? வால் மழுங்கியிருக்கிறதா? செவுள் மூடி குட்டையா? போலீஸ்காரர் லைசென்ஸ் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். ஏனென்றால், எல்லா மீனும் கறுத்துக் கிடக்கும் சீசனில் ஒன்று மட்டும் மின்னுகிறது என்றால், அது கடலிலிருந்து தாமதமாக வீடு திரும்பிய பிள்ளையாகவும் இருக்கலாம், கூண்டிலிருந்து தப்பிய பண்ணை மீனாகவும் இருக்கலாம்.

பண்ணை மீன் தொட்டியில் பொரிந்து, கடலில் கட்டிய வலைக் கூண்டில் வளர்வது. அதற்குப் பிறந்த ஆறு கிடையாது. வலை கிழிந்து வெளியே வந்து, பருவமும் வந்துவிட்டால் கண்ணில் பட்ட ஆற்றில் ஏறும். பெரும்பாலும் சீசன் கடைசியில்தான் ஏறும். அதனால்தான் அந்தப் பளபளப்பு.

2023 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் ஒரு கூண்டில் ஓட்டை. சுமார் 3,500 மீன் வெளியே போனது. ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே நுழைந்த குறுகிய கடல் கால்வாய். சில வாரத்தில் அந்த மீன்கள் ஆறு ஆறாகத் தலைகாட்டின. நார்வேயிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்தார்கள். ஆற்றுக்குள் ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கி ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினார்கள். அக்டோபரில் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஊர்வலம், ஆர்ப்பாட்டம். ஒரு மீனுக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். பண்ணை மீன் தலைமுறை தலைமுறையாகச் சீக்கிரம் கொழுப்பதற்காகவே பொறுக்கி வளர்க்கப்பட்டது. அது காட்டு மீனோடு சேர்ந்து போடுகிற குஞ்சு, ஆற்றிலும் கடலிலும் பிழைக்கிற சாமர்த்தியத்தில் மட்டம். நார்வேயில் சோதித்துப் பார்த்த காட்டு சால்மன் கூட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கில் பண்ணை மரபணு கலந்த தடயம் இருக்கிறது. நதியோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷம் பழகிய ரத்தம் அது. கலந்த பிறகு வடிகட்டி எடுக்க முடியாது.

பேன் கதையும் தலைகீழ். தூண்டில்காரர் பார்த்துப் பூரித்த அதே பேன், ஒரு கூண்டில் பல்லாயிரம் மீன்களை அடைத்து வைத்தால் என்ன ஆகும்? திருவிழாதான். ஆற்றிலிருந்து முதல் முறையாகக் கடலுக்குப் புறப்படும் விரல் நீளக் குஞ்சுகள் அந்தக் கூண்டுகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வளர்ந்த மீன் நாலு பேனைச் சுமக்கும். குஞ்சால் முடியாது, செத்துப் போகும்.

நான் பி.காம். படித்தவன். மீன் விஞ்ஞானம் தெரியாது, ஆனால் லாப நட்டக் கணக்கு தெரியும். கூண்டு முதலாளியின் கணக்கில் தீவனம் உண்டு, குஞ்சு விலை உண்டு, சம்பளம் உண்டு, வலைக்குத் தேய்மானம் உண்டு. ஓடிப்போன மீனுக்கு இன்ஷூரன்ஸ் கூட எடுக்கலாம். செத்த காட்டுக் குஞ்சு எந்தத் தலைப்பில் வருகிறது? எதிலும் இல்லை. கலந்து கெட்ட நதி எந்தத் தலைப்பில்? அதுவும் இல்லை. அந்தச் செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள். கட்டுகிறவருக்கு ரசீது கூடக் கிடையாது. செலவை வெளியே தள்ளிவிட்டு லாபத்தை மட்டும் உள்ளே எழுதினால் எந்தத் தொழிலும் ஓஹோவென்று ஓடும். அதற்குப் பெயர் திறமை இல்லை.

இது நமக்குப் புதுசும் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் நெல் வயலையும் குடிதண்ணீரையும் உப்பாக்கியபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்றது. 2005-ல் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டு இறால் பண்ணைகளுக்கு வழி செய்து கொடுத்தது. டாலர் வருகிறதே! நார்வேயிலும் அதே கதைதான், கரன்சி மட்டும் குரோனர். 2022 செப்டம்பரில் அந்த நாட்டு அரசு, பொதுச் சொத்தான கடலை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள், 40 சதவீதம் கூடுதல் வரி கட்டுங்கள் என்று அறிவித்ததுமே சால்மன் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. இழுபறிக்குப் பிறகு 2023-ல் 25 சதவீதத்தில் முடிந்தது. அதற்கே அவ்வளவு அழுகை.

பண்ணைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நாங்கள் வளர்த்துக் கொடுப்பதால்தான் காட்டு மீனை யாரும் பிடிப்பதில்லை, அதைக் காப்பாற்றுவதே நாங்கள்தான் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நார்வேயில் இந்தக் கூண்டுத் தொழில் 1970 வாக்கில் சூடுபிடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றியாகிவிட்டது. 2024 ஜூனில் என்ன நடந்தது? கடலிலிருந்து மீன் திரும்பி வரவில்லை என்று சீசன் நடுவிலேயே 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை போட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2010-ல் தூண்டிலில் பிடிபட்டது ஒரு லட்சத்துக்கு மேல். 2023-ல் சுமார் 32,000. கணக்கு எழுத ஆரம்பித்த 1952-லிருந்து இதுதான் அடிமட்டம். 2024-ல் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். இத்தனைக்கும் அங்கே தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கக் கூடாது, 2016-லிருந்து கடலோர வலைக்கும் தடை, பிடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள். பிடிக்கிறவன் கையை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்தது.

எல்லாப் பழியையும் கூண்டின் மேல் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேயும் ட்வீட்டும் கிழக்குக் கரையில் கடலில் சேர்கின்றன. அந்தக் கரையில் கூண்டு வேண்டாம் என்று 1999-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். அங்கேயும்தான் மீன் குறைகிறது. ட்வீட்டின் பெருமையே இலையுதிர்கால மீன்கள்தான், அவை கடந்த பத்து வருஷத்தில் படுத்தேவிட்டன. கடல் சூடாகிறது, ஆறு சூடாகிறது, அணைகள் வழியை மறிக்கின்றன. எல்லாம் நிஜம். ஆனால் நோயாளிக்கு ஏற்கெனவே நாலு வியாதி இருக்கிறது என்பது ஐந்தாவதைக் கொடுக்க லைசென்ஸ் ஆகுமா?

தூண்டில்காரர்களும் ஏழைப் பங்காளர்கள் இல்லை. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை என்பது தனியார் சொத்து. நிலத்திலிருந்து பிரித்து, தனியாக விற்கலாம், வாங்கலாம். நல்ல மடுவில் நிற்க நல்ல பணம் வேண்டும். அதனால்தான் பணக்காரர் பொழுதுபோக்குக்காக எங்கள் பிழைப்பைக் கெடுப்பதா என்று பண்ணைக்காரர்களால் கேட்க முடிகிறது. மேற்குக் கரைக் கிராமங்களில் கூண்டு வேலையை விட்டால் வேறு வேலை அதிகம் இல்லை என்பதும் உண்மை. சரி, வேலை இருக்கட்டும், வலைக்குப் பதில் மூடிய தொட்டி வையுங்கள், பேனும் தாண்டாது மீனும் தாண்டாது என்றால், கட்டுப்படியாகாது என்கிறார்கள். கட்டுப்படியாகாத அந்தத் தொகைதான் இத்தனை நாளாக ஆற்றின் கணக்கில் எழுதப்பட்டு வந்தது.

கட்டுப்படியானால் விலை ஏறும். ஏறட்டுமே. சால்மன் என்ன ரேஷன் அரிசியா? மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஏழைகள் சாப்பிடுகிற, நம் மத்திக்குச் சொந்தக்கார மீன்கள் மாவாகவும் எண்ணெயாகவும் அரைபட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. தீவனத்தில் இப்போது தாவரச் சரக்குதான் அதிகம் என்பார்கள், அது உண்மைதான். ஆனாலும் மிச்சம் மீன்தானே? ஏழை வாயிலிருந்து எடுத்துப் பணக்காரத் தட்டில் வைக்கிற தொழிலை உலகின் பசி தீர்ப்பதாகச் சொன்னால் எப்படி?

தட்டில் தெரிகிற அந்த ரோஸ் நிறமும் தீவனத்தில் கலந்ததுதான். காட்டு மீனுக்கு இறால் வகையறாக்களைத் தின்று வருகிற நிறம். கூண்டு மீனுக்கு அஸ்டாசாந்தின் என்ற நிறமியைச் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் சதை வெளிறிச் சாம்பலாக இருக்கும், யாரும் வாங்க மாட்டார்கள். எந்த அளவு ரோஸ் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெயின்ட் கடையில் காட்டுவது மாதிரி விசிறி அட்டையே உண்டு.

சென்னையில் சூஷி கடைகளிலும் பெரிய சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களிலும் விற்கிற நார்வே சால்மன் இந்தக் கூண்டுச் சரக்குதான். (இந்தியன் சால்மன் என்று போர்டு வைத்து விற்பது நம்ம காலா மீன். அது பாவம், இந்த வம்புக்குச் சம்பந்தமே இல்லாதது.) வாங்கும்போது வலைக் கூண்டா, மூடிய தொட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கடைக்காரர் முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பெனியைக் கேட்பார்.

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017-ல் ஒரு பண்ணை உடைந்து லட்சக்கணக்கில் மீன் தப்பியது. அங்கே 2025 ஜனவரியில் மாநிலக் கடலில் வலைக் கூண்டு வியாபாரத்துக்கே தடை வந்துவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் கெடு 2029 ஜூன் 30. நார்வேயும் ஸ்காட்லாந்தும் இப்படி ஒரு தேதியைக் குறிக்கவில்லை.