மறக்கத் தெரிந்த செயலி

காதலர்களுக்கும் தம்பதிகளுக்கும் என்றே வரும் செயலிகளில் எது சிறந்தது என்று தேடினால் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. நட்சத்திரக் குறி, மாதச் சந்தா, வசதிகள், 'இதைப் போட்ட பிறகு எங்களுக்குள் சண்டையே இல்லை' என்ற சான்றிதழ்கள். இவற்றில் ஒன்றுகூட திருநெல்வேலியை மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை என்பதுதான் என் சண்டை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. ஒருத்தர் சென்னையில் இருப்பார், ஒருத்தர் பாளையங்கோட்டையில் இருப்பார். "அண்ணே, ரெண்டு பேருக்கு மட்டும்னு இருக்கணும், எதப் போடலாம்?" கேள்வி நியாயமானது. பட்டியல்கள் தரும் பதில்தான் ஆபத்தானது.

இந்தச் செயலிகள் என்ன செய்கின்றன என்று முதலில் பார்ப்போம். தென்கொரியாவில் 2011-இல் வந்த 'பிட்வீன்' இருவருக்கு மட்டுமான அரட்டை, படங்களைச் சேர்த்துவைக்கும் நினைவுப் பெட்டி, காதலிக்கத் தொடங்கி எத்தனை நாள் என்று எண்ணும் கணக்கு ஆகியவற்றைத் தந்தது. பிரிட்டனில் இருந்து வந்த 'பேர்டு' தினமும் ஒரு கேள்வி கேட்கிறது. இருவரும் பதில் எழுதினால்தான் ஒருவர் பதிலை மற்றவர் படிக்க முடியும். வேறு சில, துணை இருக்கும் இடத்தை வரைபடத்தில் நேரடியாகக் காட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம்தான் இருக்கிறது. காதலுக்கு வரும் கேடு அந்த இருவருக்குள்ளிருந்து வருகிறது. அவர்கள் சரியாகப் பேசுவதில்லை, பிறந்தநாளை மறக்கிறார்கள். ஆகவே இன்னும் பேசவை, எல்லாவற்றையும் பதிவுசெய், எதையும் மறக்கவிடாதே.

சியோலுக்கும் லண்டனுக்கும் அது சரியாக இருக்கலாம். இங்கே கேடு வெளியிலிருந்து வருகிறது. 2024 ஜூனில், சாதி கடந்து மணம் செய்துகொண்ட ஒரு ஜோடிக்கு இடம் கொடுத்ததற்காக, திருநெல்வேலியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் 27 வயது தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிவந்த பெண்ணின் சகோதரர் கைதானார். கொல்லப்பட்டவரும் என்னைப்போல மென்பொருள் பொறியாளர். ஐ.டி. வேலை, நல்ல சம்பளம், சென்னை வாழ்க்கை என்று நாம் எதையெல்லாம் சாதியிலிருந்து தப்பிக்கும் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ, அதெல்லாம் அவரிடமும் இருந்தது. இந்தச் சம்பவங்களுக்குச் செயலி காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இது நடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு செயலி தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது என்கிறேன்.

பாபநாசத்திலிருந்து ஆறு இறங்கிவரும் வழியெல்லாம் ஊருக்கு ஊர் படித்துறை உண்டு. ஆனால் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்து அரைமணி நேரம் நிம்மதியாகப் பேசப் படித்துறை கிடையாது. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால் ஜங்ஷனில் இறங்குவதற்குள் ஒரு சித்தப்பாவாவது பார்த்துவிடுவார். "நீ இன்னார் மவதானே?" இந்த வேவு பார்த்தல் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்திலேயே சாதி தெரிகிற பள்ளிகள் இங்கே உண்டு. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவரை வீடு புகுந்து சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை தந்தது. ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே தனியறை கைபேசிதான். அதனால்தான் அந்த அறையின் கதவைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

செயலி நிறுவனங்கள் 'உங்கள் உரையாடல் முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்டது' என்கின்றன. வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். வழியில் படிக்க இங்கே யாருக்கு அவசரம்? பூட்டுத் திறந்த போனைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது. கணினிப் பாதுகாப்புத் துறையில் 'இவில் மெய்ட்' என்றொரு தாக்குதல் உண்டு. ஓட்டல் அறையில் மடிக்கணினியை வைத்துவிட்டு வெளியே போனால், அறையைச் சுத்தம் செய்ய வருபவர் அதில் கைவைத்துவிடலாம் என்பது கற்பனை. 2009-இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா வைத்த பெயர் அது. நம் வீட்டில் அந்தப் பாத்திரத்துக்கு அண்ணன் என்று பெயர். அவனுக்குப் பேட்டர்ன் தெரியும். தெரியாவிட்டால், "போனக் கொடு பாப்போம்" என்று கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது.

போனை வாங்கித் தந்தது அப்பா. சிம் அவர் பெயரில். கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தது அண்ணன். கடவுச்சொல் அவனிடமும் இருக்கிறது. எடுத்த படம் தானாக மேலே ஏறி வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் இறங்குகிறது. சந்தா கட்டினால் வங்கிக் குறுஞ்செய்தி அப்பாவின் எண்ணுக்குப் போகிறது. இந்த வீட்டில் நினைவுப் பெட்டி என்பது ஆவணப் பெட்டி. நாள் எண்ணிக்கை என்பது எத்தனை நாளாக நடக்கிறது என்ற கேள்விக்குத் தயாராக இருக்கும் பதில். இடம் காட்டும் வசதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு, அப்படியொரு செயலியின் படம் திரையில் இருப்பதே ஒரு வாக்குமூலம். வாட்ஸப் எல்லார் போனிலும் இருக்கிறது, ஏன் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இதயம் போட்ட செயலியைக் கேட்பார்கள்.

ஆகவே என் பதில் இதுதான்: ஆபத்து இருக்கும் இடத்தில் ஜோடிச் செயலி எதையும் போடாதீர்கள். எல்லாரும் வைத்திருக்கும் சாதாரணச் செயலியில் செய்திகள் தானாக மறையும்படி வையுங்கள். வாட்ஸப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு உண்டு, முதலாவதே போதும். அறிவிப்பில் பெயரும் வாசகமும் தெரியாமல் அணையுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். 'இந்தப் போன் அரைமணி நேரம் அண்ணன் கையில் இருந்தால் அவனுக்கு என்ன தெரியும்?' என்ற கேள்விதான் தேர்வு. ஒரே ஒரு விலக்கு: மிரட்டல் வந்தால் அதை மறையவிடாதீர்கள். படமெடுத்து, நம்பும் நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழியுங்கள்.

"ஒளிச்சு ஒளிச்சு காதலிக்கச் சொல்றியா? அது தப்பு செய்றமாதிரி ஆயிராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளிப்படையாக இருப்பது அழகானதுதான். ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். துணிச்சலைப் பற்றி ரீல்ஸ் போடுகிறவர் கொடுப்பதில்லை. ஆபத்தே இல்லாத தம்பதிகளுக்கு நான் சொல்வது பொருந்தாது என்பதும் சரி. வீட்டுச் சாமான் பட்டியலுக்கும் கரண்ட் பில் தேதிக்கும் எந்தச் செயலியையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் 'நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு, லொகேஷன ஆன் பண்ணு' என்று தொடங்குவது நாளைக்கு 'அங்க ஏன் இருபது நிமிஷம் நின்ன?' என்று முடியும். அண்ணன் செய்த வேலையைக் கணவன் தொடர்வதற்குத் தொழில்நுட்பம் வேண்டியதில்லை.

என் தொழில்காரர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. திருமணத் தளங்களில் மதம், சாதி, உட்சாதி, நட்சத்திரம் என்று அடுக்கடுக்காக வடிகட்டி எழுத நமக்குத் தெரிகிறது. அது நொடியில் வேலை செய்கிறது, பிழையே வருவதில்லை. அதே கைகளுக்கு, ஒரே தொடுதலில் இரண்டு போனிலும் இருந்து சுவடில்லாமல் அழியும் ஒரு அரட்டையை எழுதுவது கஷ்டமா? கஷ்டமில்லை. சாதியைத் தேடுகிறவர் வாடிக்கையாளர். சாதியிலிருந்து தப்பிக்கிறவர் நம் கணக்கிலேயே வருவதில்லை.

அரசும் இதில் சேர்த்திதான். 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யப் போனால், அறிவிப்பு அலுவலகத்தில் பொதுப்பார்வைக்கு ஒட்டப்பட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். மாமா பார்த்துவிட்டு ஆள் திரட்ட அது தாராளமான அவகாசம். மறுபக்கம், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தச் செயலியும் தராத பாதுகாப்பு அந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் இந்துக்களுக்கிடையிலான திருமணத்துக்குத்தான் அது பொருந்தும். மதம் கடந்தவர்களுக்கு அந்த 30 நாள் அப்படியே இருக்கிறது.

அதற்கும் முன்பே, 2018 மார்ச்சில், சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு வேண்டும் என்றது: காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட பிரிவு, 24 மணி நேர உதவி எண். ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. 2025 அக்டோபரில் ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையத்தை அரசு அறிவித்தது. இடையில் ஏழு ஆண்டுகள்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அந்த உதவி எண் மனப்பாடமாகத் தெரியுமா? தெரியாது. பஸ் ஸ்டாண்டிலும் கல்லூரி வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மாவட்டம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர், ஒரு போனை வைத்துக்கொண்டு, இரவில் ஒற்றையாக உட்கார்ந்து செய்யப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நல்ல செயலி பரிந்துரைப்பது உதவிதான். அத்தோடு கடமை முடிந்தது என்று நாம் எழுந்துபோவதுதான் துரோகம்.