கடன் வாங்கக் கூடலாம், கதை பேசக் கூடாதா?

‘அவளுக்கென்ன குறைச்சல்? வீட்டோடதானே இருக்கா!’

சின்ன வயசு அம்மா ஒருத்தி ‘சோர்வா இருக்கு’ என்று வாய் திறந்தால் போதும், இந்த வரிதான் பதிலாக வரும். மாமியார் சொல்வார். பெற்ற அம்மாவே சொல்வார். புருஷன் சொல்லவே வேண்டாம், செல்போனில் இருந்து தலையைத் தூக்காமல் பார்க்கிற பார்வையிலேயே அது இருக்கும். இந்த வாரம் இந்த வரியோடுதான் நமக்குச் சண்டை.

கரூரில் இருந்து கோவைக்குப் போகிற நெடுஞ்சாலையில், காங்கேயத்துக்கு முன்னால் வருகிற ஊர் வெள்ளகோவில். 2009 வரை ஈரோடு மாவட்டம், பிறகு திருப்பூர் மாவட்டம். விசைத்தறி, எண்ணெய் ஆலை, முருங்கைக்காய் வியாபாரம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம் என்று ஓயாமல் உழைக்கிற ஊர். மகா சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமி தேர் ஓடும்போதுதான் கொஞ்சம் மூச்சு விடும். இங்கே சும்மா இருப்பவரைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது. அந்த ஊரில் வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். வயது 29. எம்.எஸ்ஸி. கணிதம். இரண்டு குழந்தைகள். பெயர் வேண்டாம் என்றாள். பெயரைப் பற்றித்தான் பேச்சும் வந்தது.

“வயசாகுதுன்னு எனக்கு எப்படித் தெரியுதுன்னா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடறவங்க ஒவ்வொருத்தரா குறைஞ்சுட்டே வர்றாங்க்கா. மாமனாரும் அத்தையும் ‘அம்மிணி’ம்பாங்க. கொழுந்தனாருக்கு நான் அண்ணி. பள்ளிக்கூடத்துல பாப்பாவோட அம்மா. இவரு ‘ஏ புள்ள’ம்பாரு. யாரையும் குறை சொல்லலீங்க்கா, எல்லாம் பாசமாத்தான் கூப்பிடறாங்க. ஆனா என் பேரு எனக்கே மறந்துருமோன்னு இருக்குது. ஹாஸ்டல்ல கூட இருந்தவ ஒருத்தி எப்பவாச்சும் போன் பண்ணி பேரைச் சொல்லி ‘ஏன்டி’ன்னா, அன்னைக்கு முழுக்க நல்லா இருக்கும்.”

கண் ஓரத்தில் சுருக்கம் விழுவதும் காதோரம் நரைப்பதும்தான் முதுமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவள் சொல்கிற கணக்கு வேறு. கல்யாணத்துக்கு முன் இருந்த அவளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். 29 வயதிலேயே அவளுக்கு முதுமை தொடங்கிவிட்டது.

அந்த ஹாஸ்டல்காரி இப்போது எங்கே? நாமக்கல் பக்கம். அதிக தூரமில்லை. கடைசியாகப் பார்த்தது எப்போது? அவளுடைய கல்யாணத்தில். ஆறு வருஷம் ஆகிறது. நடுவில் எத்தனை விசேஷத்துக்கு இவள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள் தெரியுமா? கணவனின் பெரியப்பா வீட்டு கிரகப்பிரவேசம், சித்தப்பா மகள் சீர், ஒரு துக்கம். ஒவ்வொரு முறையும் தோழியின் ஊரைத் தாண்டித்தான் கார் போயிருக்கிறது. நின்றதில்லை. ‘அங்கெதுக்கு? நேரமாச்சு!’

* * *

கொங்கு நாட்டுச் சீர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்கு இணைச்சீர். தாய்மாமனுக்குத் தனி மரியாதை. அருமைக்காரர் வந்து நின்றால்தான் கல்யாணமே. மகள், சகோதரி, மருமகள், தாய் என்று எல்லா உறவுக்கும் ஓர் இடம், ஒரு தட்டம், ஒரு சேலை. தோழிக்கு? பந்தியில் ஓர் இலை. அவ்வளவுதான். கல்யாணத்தன்று கைப்பையைப் பிடித்துக்கொண்டு, தலையில் பூ சரிசெய்துவிட்டு, மேடையின் ஓரத்தில் நின்ற பெண்கள், மறுநாளில் இருந்து அந்த வாழ்க்கையிலேயே இல்லை. உறவுகளை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிற சமூகம், பெண்ணின் நட்புக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

ஆணுக்கு அப்படியில்லை. தாலி கட்டிய மறு வாரமே டீக்கடை பெஞ்சில் அவனுடைய இடம் அப்படியே காத்திருக்கும். தறிக்குடோனில் இருந்து வந்தாலும் சரி, தோட்டத்தில் இருந்து வந்தாலும் சரி, ‘சித்த அப்படியே வெளியில போய்ட்டு வர்றேன்’ என்று சட்டையை மாட்டினால் யாரும் காரணம் கேட்பதில்லை. ‘வெளியில’ என்பதே போதுமான காரணம். ‘பையன் ஃப்ரெண்ட்ஸோட இருக்கான்’ என்று பெருமையாக வேறு சொல்வார்கள்.

அதே வார்த்தையை மருமகள் சொல்லிப் பார்க்கட்டும். ‘வெளியிலன்னா எங்க? எதுக்கு? கூட யாரு? குழந்தைய யாரு பார்க்கிறது?’ நான்கு கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் போகிற ஆசையே போய்விடும்.

பெண்கள் கூடுவதே இல்லையா என்றால், கூடுகிறார்கள். ஆனால் காரணம் வேண்டும். கோயில் பூஜையா, கூடலாம். இழவு வீடா, கட்டாயம் கூட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவா, தாராளமாக. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தக் குழுக்கள் தமிழகம் முழுக்கப் பரவி எத்தனையோ பெண்களை வாசற்படி தாண்ட வைத்தன. பெரிய காரியம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழுவுக்குப் போகிற பெண்ணை வீட்டில் விடுவது எதற்காக? அவள் கடனோடு திரும்பி வருவாள் என்பதற்காக. கடன் வாங்கக் கூடலாம். கதை பேசக் கூடக் கூடாது. ஆண் சும்மா உட்கார்ந்தால் நட்பு. பெண் சும்மா உட்கார்ந்தால் வம்பு.

* * *

நான் படித்தது பி.காம். அதனால் ‘வீட்டோடதானே இருக்கா’ என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசே நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் நூறு ஆண்களில் சுமார் 26 பேர்தான் அந்த வேலையைத் தொட்டதே. 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுடையது 289 நிமிடமாகக் குறைந்தது. சந்தோஷப்படாதீர்கள், ஆண்களுடையதும் 88 ஆகக் குறைந்துவிட்டது! ஐந்து வருஷத்தில் பெண்ணுக்கு மிச்சமான அந்தப் பத்து நிமிடமும் ஆண் கூடுதலாக நேரம் போட்டதால் வந்ததில்லை என்பது தெளிவு. குழந்தையை, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது. அது தனிக் கணக்கு.

பொருளாதார வகுப்பில் ஒரு கதை சொல்வார்கள். ஆர்தர் பிகூ என்ற இங்கிலாந்துக்காரர் சொன்னது. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுமாம். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுபோகிறது. உடனே வேலையும் கணக்கில் இருந்து காணாமல் போகிறது. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நம் வீடுகளில் அது இன்றும் சிரிப்பில்லாமல் நடக்கிறது.

நீதிமன்றங்கள்கூட மெதுவாக விழித்துக்கொண்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து ‘வேலை செய்யாதவர்கள்’ என்று வகைப்படுத்தியதை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் சவுதி அரேபியாவில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பு. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய ஆயிரம் ரூபாய் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்கவில்லை. ‘உரிமைத் தொகை’ என்று வைத்தார்கள்.

ஆக, அவள் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. இனி அடுத்த கேள்வி. உழைப்பவருக்கு விடுப்பு உண்டா இல்லையா? தறி ஓட்டுகிறவருக்கு வாரத்தில் ஒருநாள் தறி நிற்கும். இவளுக்கு எப்போது நிற்கும்?

* * *

எதிர்ப்பேச்சு வரும், தெரியும். ஒவ்வொன்றாக வாருங்கள்.

‘மாமியார் இருக்காங்க, நாத்தனார் இருக்காங்க, பேச ஆளா இல்லை?’ இருக்கிறார்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் மாமியாரைப் பற்றிய வருத்தத்தை மாமியாரிடமே சொல்ல முடியுமா? உறவுக்காரர்களிடம் சொன்ன சொல் ஊர் சுற்றி வீட்டுக்கே வந்து சேரும். தோழியிடம் சொன்னது அவளோடு நின்றுவிடும். அதற்குத்தான் தோழி.

‘போன் இருக்கே, வாட்ஸ்அப் குரூப் இருக்கே?’ இருக்கிறது. பிறந்தநாளுக்குக் கேக் படம், பொங்கலுக்குப் பானைப் படம், யாராவது இறந்தால் கூப்பிய கை. இரவு பத்து மணிக்கு, குழந்தை தூங்கிய பிறகு, குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஐந்து நிமிடத்தை வைத்து ஒரு நட்பை எத்தனை காலம் ஓட்டுவது?

‘ஆம்பளைக்கும்தான் நேரமில்லை. பன்னிரண்டு மணி நேரம் தறியில நிக்கிறான்.’ உண்மை. அவன் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் முடியும்போது அவனுக்கு ஒரு டீக்கடை இருக்கிறது. நான் கேட்பது அவனுடைய டீயை அல்ல. அவளுக்கும் ஒரு டம்ளர்.

‘பெத்த குழந்தையை விட ஃப்ரெண்ட்ஸ் முக்கியமா?’ இதுதான் கடைசி அஸ்திரம். இதைக் கேட்டதும் எந்தத் தாயும் வாயை மூடிக்கொள்வாள். மூட வைக்கத்தான் கேட்பதே. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறதாம். ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதோடு தொடர்பு உண்டாம். தனிமை என்றால் ஆளில்லாத வீடு என்று நினைக்காதீர்கள். எட்டுப் பேர் இருக்கும் வீட்டிலும் அது இருக்கும். குழந்தைக்கு வேண்டியது தேய்ந்துபோன அம்மா இல்லை. வாரத்தில் ஒருநாளாவது வாய்விட்டுச் சிரித்துவிட்டு வருகிற அம்மா.

* * *

கணக்கியலில் ‘நற்பெயர்’ என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் ஏட்டில் எழுதலாம். தானாக வளர்ந்ததை எழுதக் கூடாது என்பது விதி. பெண்களின் நட்பும் அப்படித்தான். பவுன் போட்டு, சீர் செய்து, விலை கொடுத்து அமைத்த உறவுகள் எல்லாம் குடும்ப ஏட்டில் இருக்கின்றன. பதினெட்டு வயதில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தானாக வளர்ந்த ஒன்று, எழுதப்படாமலே அழிகிறது. ஏட்டில் இல்லாத சொத்து தொலைந்தால் யாருக்கும் நஷ்டம் தெரியாது. அவளைத் தவிர.

ஐம்பத்தைந்து வயதில் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு, அவள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, ‘அம்மாவுக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லை, பாவம்’ என்று பெங்களூரில் இருந்து மகன் போனில் வருத்தப்படுவான். அது தானாக நடந்ததில்லை தம்பி. இருபத்தாறு வயதில் இருந்து வருஷா வருஷம் தேய்மானம் எழுதி எழுதி, கடைசியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

என்ன செய்யலாம்? புரட்சியெல்லாம் வேண்டாம். 2021 மே மாதத்தில் தமிழகத்தில் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. டிக்கெட் அரசாங்கம் கொடுத்துவிடும். ஆனால் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ‘போய்ட்டு வா’ என்று சொல்ல அரசாங்கம் வராது. அதைப் புருஷன்தான் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு. அரை நாள். எங்கே, எதற்கு, யாரோடு என்ற கேள்விகள் இல்லாமல். சாம்பார் வைத்துவிட்டுப் போ என்ற நிபந்தனையும் இல்லாமல். உறவுக்காரர் விசேஷத்துக்குப் போகிற வழியில் தோழியின் ஊர் வந்தால், காரைப் பத்து நிமிடம் நிறுத்துவது அதைவிடச் சுலபம்.

நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிலை வைக்கிறீர்கள், நீரூற்று வைக்கிறீர்கள். நாலு பெண்கள் குழந்தைகளோடு வந்து ஒரு மணி நேரம் உட்காருகிற மாதிரி நிழலும், பெஞ்சும், பூட்டாத கழிப்பறையும் வையுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிற கணவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் மனைவியின் நெருங்கிய தோழி யார்? அவள் எந்த ஊரில் இருக்கிறாள்? இவர்கள் இருவரும் கடைசியாக நேரில் பார்த்தது எந்த வருஷம்?

பதில் தெரியவில்லையென்றால் பக்கத்து அறையில் போய்க் கேளுங்கள். போகும்போது ‘ஏ புள்ள’ வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.