தடங்கலுக்கு வருந்துகிறோம்



இந்தப் பக்கத்தைக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மொட்டைமாடியில் காயவைத்த வடாத்தை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கடைசி இரண்டு படிகளை ஒரே படியாக எண்ணிவிட்டேன். வடாம் தப்பித்தது. எலும்பு முறியவில்லை, தசைநார்தான். ஆனாலும் ஒரு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார் டாக்டர். மெய்ப்புகள் வீட்டுக்கே வந்தன, பகல் அதில் போயிற்று. ராத்திரிக்கு ஹாலில் பாய் விரித்து, டிவியைப் பார்த்தபடி படுக்கை. ஏழு நாளில் ஆறு படம் பார்த்துவிட்டேன். என் வயதில் இது ஒரு சாதனைதான்.

தனியாகப் பார்த்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மாதம் என்னோடு, இரண்டு மாதம் பெங்களூரில் தம்பியோடு என்று இருக்கும் அம்மா இப்போது எங்கள் வீட்டு முறையில் இருக்கிறாள். செமஸ்டர் விடுமுறைக்கு வந்த மகன் இருக்கிறான். பெயர் போடும்போதே தூங்கிப்போகும் என் வீட்டுக்காரர் இருக்கிறார். ரிமோட் மகன் கையில். அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். "எனக்கு எதுக்குடா அந்தக் கட்டை, நீங்க போடறதைப் பாத்துக்கறேன்" என்று தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமைப் படம் அம்மாவின் விருப்பம். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி வந்தபோது மகன் செல்போனைக் கீழே வைத்தான். இத்தனை வருஷமாக நான் அதை நாகேஷின் காட்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பாலையாவை மட்டும் பார்த்தேன். பேய்க்கதை என்று பேர், கதையில் ஒன்றுமே கிடையாது. சத்தமும் கையசைவும்தான் நாகேஷுடையது, பயம் முழுக்கப் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. சினிமா எடுக்கப் பணம் கேட்கும் பிள்ளை, கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கும் அப்பா. அந்த அப்பாவே கதைக்குள் விழுந்துவிடுகிறார். அம்மா ஒவ்வொரு வசனத்தையும் அரை நொடி முன்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். தியேட்டராக இருந்தால் பின்வரிசையிலிருந்து சண்டைக்கு வந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை என் விருப்பம். யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953-ல் வந்த ஜப்பானியப் படம். ஒனோமிச்சி என்கிற கடலோர ஊரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். பெரிய பிள்ளை டாக்டர், மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கு ஆயிரம் வேலை, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமராவை வைத்துவிடுவார் ஓசு, பிறகு அது நகர்வதே அபூர்வம். பாயில் படுத்துக்கொண்டு பார்த்த எனக்கு அந்த வீடுகள் வழக்கத்தைவிடப் பக்கத்தில் இருந்தன. கால் சுளுக்கிக்கொண்டால்தான் ஓசுவைச் சரியான உயரத்திலிருந்து பார்க்க முடியும் போலிருக்கிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே கீழே ஓடும் எழுத்துகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டர் பிள்ளைக்குக் கம்பவுண்டர் குரல், மகளுக்கு எங்கள் பெரியத்தை குரல் என்று போகப்போக எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. போரில் இறந்துபோன இரண்டாவது மகனின் மனைவி நோரிகோ. செட்சுகோ ஹாரா நடித்த பாத்திரம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மாமனார் மாமியாருக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். ஒற்றை அறை வீட்டுக்கு அவர்களைக் கூட்டிவந்த பிறகு, சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, மாமனாருக்குக் கொடுக்க மதுவும் அதற்கான குப்பியும் கடன் வாங்கி வருகிறாள். "பாத்தியா, சர்க்கரை கடன் வாங்கற மாதிரி" என்றாள் அம்மா. மாமனாராக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. "அந்த முதுகு பொய் சொல்லாது."

அப்புறம்தான் அத்தாமி வருகிறது. பெற்றவர்களை வைத்துக்கொள்ளத் தோதில்லாமல், பிள்ளைகள் கைக்காசைப் போட்டு அவர்களை வெந்நீர் ஊற்று இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். மலிவான விடுதி. ராத்திரி முழுக்கச் சீட்டாட்டம் போல ஒரு ஆட்டம், பாட்டு, கூச்சல். இரண்டு பேரும் விழித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள். காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்கே போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது அந்த அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

"போதும், எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்துவிட்டாள் அம்மா. ஒன்பதரை மணிதான் ஆகியிருந்தது. உள்ளே போகிறவள் திரும்பி, "நாளைக்கு உன் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றாள். படத்தை அங்கேயே நிறுத்தினேன். பிற்பாதியில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். அவள் எழுந்து போனது நல்லது என்றே நினைத்தேன்.

புதன்கிழமை ‘12 ஆங்ரி மென்’. சிட்னி லூமெட் 1957-ல் எடுத்தது, 96 நிமிடம். கொலை வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் புழுங்கிப் புழுங்கி வாதாடுகிறார்கள். என் வீட்டுக்காரர் தூங்காமல் பார்த்த படம் என்ற வகையில் எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. மகன் ஒரு சங்கதி சொன்னான். முதல் பகுதியில் கேமரா ஆட்களின் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும், நடுவில் கண் மட்டத்துக்கு இறங்கும், கடைசியில் அதற்கும் கீழே போய்விடும்; லென்ஸும் மாறிக்கொண்டே வரும். அறை சுருங்கிக்கொண்டே வருவது போல நமக்கு மூச்சு முட்டுவதற்கு அதுதான் காரணம். நம்பாமல், நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உண்மைதான். ஆரம்பத்தில் மேஜை முழுசாகத் தெரிகிறது. முடியப்போகும் நேரத்தில் தலைக்கு மேல் கூரை வந்து உட்கார்ந்திருக்கிறது. தியேட்டரில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

படத்தில் அந்த அறையின் மின்விசிறி ஓடாது. பிற்பாடு மழை வந்து, விளக்கைப் போட்டதும்தான் சுற்றும். அது சுற்ற ஆரம்பித்துச் சில நிமிடங்களில் எங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. முக்கால் மணி நேரம் மெய்ப்புத் தாள்களால் விசிறிக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்ட பையன் குற்றவாளியா இல்லையா என்று இருட்டில் நாங்களே விவாதித்தோம். வீட்டுக்காரர் கடைசிவரை மசியவில்லை.

வியாழன் அச்சுக்குப் போகும் நாள். படம் இல்லை. புதிதாக வந்த ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். அதற்குள் மூன்று பேரை வெட்டிவிட்டார்கள், யார் யாரை என்று தெரியவில்லை. அணைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை ‘அந்த நாள்’. இதைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம். 1954-ல் ஏ.வி.எம். தயாரிப்பில், வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சங்கீதக்காரர் ஒருவரே தன் படத்திலிருந்து பாட்டை வெளியே அனுப்பிய துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறார். சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபரை ஒட்டி நடக்கிற கதை. இறந்தவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் சிவாஜி வேறு ஆளாகத் தெரிகிறார். ஜாவர் சீதாராமன் விசாரணை அதிகாரியாக நடித்திருப்பதோடு திரைக்கதையும் அவரே எழுதியிருக்கிறார்.

மகன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். சந்தேகப் பட்டியல் ஒன்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தான். முக்கால்வாசிப் படம் ஆகியிருக்கும். மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் எடுக்க வந்த அம்மா திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொலையாளி யார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "பாட்டீ!" என்று அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கொலையாளியை நான் இங்கே எழுதப்போவதில்லை. பார்க்காதவர்கள் பாருங்கள், வீட்டுப் பெரியவர்கள் தூங்கிய பிறகு.

சனிக்கிழமை அந்த எதிர்வீட்டிலிருந்து ஏழு வயதுக்காரி ஒருத்தி என் கட்டைப் பார்க்க வந்து, உட்கார்ந்துவிட்டாள். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987-ல் எடுத்த ‘வேர் ஈஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?’ படத்தைப் போட்டோம். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனின் நோட்டைத் தவறுதலாக எடுத்துவந்துவிடுகிறான் அகமது. நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் இன்னொரு தடவை வந்தால் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் அந்தப் பையனைத்தான் எச்சரித்திருக்கிறார். கோக்கரிலிருந்து பக்கத்து ஊர் போஷ்தேவுக்கு, வீடு எதுவென்று தெரியாமல், நோட்டும் கையுமாக ஓடுகிறான். கதை இவ்வளவுதான். அவன் அம்மாவிடம் நோட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவள் வீட்டுப்பாடத்தை எழுது, குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அடுத்தடுத்து வேலை ஏவும்போது, எதிர்வீட்டுக்காரி தாங்கமுடியாமல் திரையைப் பார்த்துக் கத்தினாள்: "ஆன்ட்டி, அவங்க காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க!" நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மலை மேல் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதை வருகிறதே, அதில் அவன் ஓடும்போதெல்லாம் இவளுடைய கால்களும் தரையில் தாளம் போட்டன.

1990-ல் அந்தப் பகுதியைப் பெரிய பூகம்பம் தாக்கியது. படத்தில் நடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடிப் போன கியாரோஸ்தமி, அந்தத் தேடலையே பிறகு இன்னொரு படமாக எடுத்தார். இதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாக ‘தில்லானா மோகனாம்பாள்’. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்குச் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் கொடுக்கிற பதிலைப் பார்க்க வேண்டுமென்றுதான் போட்டோம். பதினொரு தடவை நிறுத்தினோம். கேஸ் சிலிண்டர் வந்தது, தம்பி போன் செய்தான், பால் பொங்கியது, மகனின் பஸ் டிக்கெட்டில் ஏதோ குழப்பம். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்ததும் மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பதினோராவது தடவை நிறுத்தியபோது எனக்குத் தூர்தர்ஷன் ஞாபகம் வந்தது. ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் படம். தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டின் ஜன்னல் கம்பிக்கு வெளியே வரை கூட்டம். முக்கியமான கட்டம் வரும் நேரம் பார்த்துத் திரை கறுத்து, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஓர் அட்டை வந்து நின்றுவிடும். அசையாமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருப்போம். எழுந்தால் இடம் போய்விடும். அப்புறம் டெக் வாடகைக்கு எடுத்த காலம். ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். படம் கோடு கோடாக ஓடினால் டிராக்கிங்கைத் திருக ஒரு மாமா இருப்பார், வேறு யாரும் தொடக் கூடாது. மூன்றாவது கேசட் ஓடும்போது முழித்திருந்தது அவரும் அம்மாவும்தான். வாடகை கொடுத்தாயிற்றே, பார்க்காமல் விடுவதா என்பது அம்மாவின் கட்சி.

உங்கள் வீட்டு டெக் ராத்திரியில் என்ன மூன்று படங்கள் ஓடின என்று எழுதுங்களேன். ஒரு தபால் அட்டை போதும்.

ராத்திரி பஸ்ஸுக்கு மகன் கிளம்பிப் போனான். மாத்திரை அசதியில் நான் சீக்கிரம் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். இன்று காலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டாள்:

"அந்தக் கடியாரத்தைக் குடுக்கறச்சே அவர் என்ன சொல்லிக் குடுத்தார்?"

"எந்தக் கடியாரம்?"

"பொண்டாட்டியோடதுடி. அந்த மருமகப் பொண்ணு கையில குடுத்தாரே. அவ அழுதா. அது புரிஞ்சுது. அவர் சொன்னதுதான் புரியலை."

‘டோக்கியோ ஸ்டோரி’யில் அந்தக் காட்சி முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. கீரைத் தட்டை நகர்த்திவிட்டு ரிமோட்டைக் கேட்டேன். அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்