ஒரு படம், ஒரு கதை: வீட்டை இழந்த ஓவியர் வரைந்த ஷாஜஹான்!

ஷாஜஹான் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தாஜ்மஹால்தான். ஆனால், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, பல ஆயிரம் மைல் தள்ளி ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் அவரை மையால் வரைந்துகொண்டிருந்தார். இந்தியாவை விடுங்கள், சொந்த நாடான நெதர்லாந்தைத் தாண்டியே போகாத மனிதர் அவர். பெயர், ரெம்ப்ராண்ட்!

முகலாய மன்னர்களையும் அரசவைப் பிரமுகர்களையும் அவர் வரைந்த கோட்டோவியங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. ஜஹாங்கீர் ஓர் அதிகாரியை வரவேற்கும் அவைக் காட்சி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஷாஜஹானும் மகன் தாரா ஷிகோவும் இருக்கும் படம், லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி மியூசியத்தில். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்க அளவுதான் இருக்கும்.

நேரில் பார்க்காமல் எப்படி வரைந்தார்? டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்கள் சூரத்திலிருந்து துணியும் அவுரியும் ஏற்றிச் சென்ற காலம் அது. அந்தச் சரக்குகளோடு முகலாயச் சிற்றோவியங்களும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தன. பழம்பொருள், சிப்பி, ஆயுதம், சிலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பழக்கம் ரெம்ப்ராண்டுக்கு உண்டு. அப்படித்தான் இந்தச் சிற்றோவியங்களும் அவர் கண்ணில் பட்டன.

அந்தப் பழக்கமும் அவரைக் கவிழ்த்தது. 1639-ல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டின் கடனை அவரால் கட்டி முடிக்கவே முடியவில்லை. 1656-ல் திவால். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பொருள்களைப் பட்டியல் போட்டார்கள். மொத்தம் 363 பதிவுகள். எல்லாம் ஏலத்துக்குப் போனது. 1658-ல் வீடும் போனது.

முகலாயக் கோட்டோவியங்களை 1656-க்கும் 1661-க்கும் இடைப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதாவது, கையில் காசில்லாத, வீடு கைவிட்டுப் போன வருடங்கள். அப்படியிருந்தும் இவற்றை அவர் வரைந்தது விலை உயர்ந்த ஜப்பானியக் காகிதத்தில். மையை மெதுவாக உள்வாங்கும் வழவழப்பான தாள் அது. கடன்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்!

ரெம்ப்ராண்டின் வழக்கமான கோட்டோவியம் அவசரமானது. ஒரே இழுப்பில் முதுகு, இரண்டு கீறலில் முகம். இங்கே மட்டும் பேனா நிதானமாகிவிடுகிறது. தலைப்பாகையின் சுற்று, உடலோடு ஒட்டிய மஸ்லின் அங்கி, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் மெல்லிய கோடுகளில் பொறுமையாகத் தொடர்கிறார். அணில் மயிர்த் தூரிகை பிடித்த முகலாய ஓவியரிடம் பாடம் கேட்க உட்கார்ந்த மாணவர் போல.

முழுக்கக் காப்பி அடித்தாரா என்றால், அதுவும் இல்லை. மூலத்தில் தங்கமும் நீலமும் சிவப்பும் மின்னும். ரெம்ப்ராண்ட் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலும் பழுப்பு மையோடு நிறுத்திக்கொண்டார். முகலாய ஓவியத்தில் நிழல் அநேகமாக இருக்காது. இவர் மையில் நீர் கலந்து நிழல் தீட்டினார். அவ்வளவுதான், பாதுஷாவுக்கு உடல் எடை வந்துவிட்டது. தங்கத்தில் அசையாமல் இருந்த மன்னர், மூச்சு விடும் மனிதராகத் தெரிகிறார். இந்த வரிசையின் சிறப்பே இதுதான்.

இப்போது அந்த அப்பா-மகன் படத்துக்கு வருவோம். ரெம்ப்ராண்டின் வீடு போன அதே 1658-ல்தான் ஷாஜஹானின் சிம்மாசனமும் போனது. மகன் ஔரங்கசீப் அவரை ஆக்ரா கோட்டையில் சிறை வைத்தார். 1666-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுசென்ற மூத்த மகன் தாரா ஷிகோ, 1659-ல் கொல்லப்பட்டார். டெல்லிச் செய்தி ஐரோப்பா போய்ச் சேரக் கப்பலில் பல மாதங்கள் ஆகும். காகிதத்தில் மட்டும் அப்பாவும் மகனும் ஒன்றாகவே இருந்தார்கள்.

ரெம்ப்ராண்ட் வரைந்ததில், மரத்தடியில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் காட்சியும் ஒன்று. 1656-ல் அவர் செய்த பைபிள் காட்சிச் செதுக்கோவியம் ஒன்றில், ஆபிரகாம் வீட்டு விருந்தினர்கள் மேஜை நாற்காலி இல்லாமல் அதே பாணியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரத்தடிக் காட்சியின் முகலாய மூலம் இன்று வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனையில் இருக்கிறது. ஆனால், முழுசாக இல்லை. 18-ம் நூற்றாண்டில் பேரரசி மரியா தெரேசா காலத்தில், ஓர் அறையின் சுவரை அலங்கரிக்க அங்கிருந்த சிற்றோவியங்களைக் கத்தரித்து, சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கேட்கவே வயிறு எரிகிறது.

2018-ல் கெட்டி மியூசியம் ரெம்ப்ராண்டின் இந்தக் கோட்டோவியங்களையும் முகலாயச் சிற்றோவியங்களையும் ஒரே கண்காட்சியில் வைத்தது. கெட்டியின் இணையதளத்தில் ‘ஷாஜஹானும் தாரா ஷிகோவும்’ படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் மகனின் முகத்தைப் பாருங்கள்.