யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

சேலம் சீமை ஜனங்களுக்கு சினிமாவைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய ஊர் சேலம். ஸ்டூடியோ மறைந்துவிட்டது, ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் படம் பார்க்கும் ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. அன்று டூரிங் கொட்டகை, இன்று கைபேசி. இரவு ஷிப்டு முடித்த ஆலைத் தொழிலாளி பஸ்ஸில் உட்கார்ந்து காமெடிக் காட்சி பார்க்கிறார். களையெடுத்துத் திரும்பும் பெண்கள் டெம்போவில் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. பத்து மணி நேரம் முதுகொடிய உழைத்தவனுக்குச் சிரிப்பு ஒரு மருந்து.

கேள்வி அதுவல்ல. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் சிரிக்க வைத்தார். மூடநம்பிக்கையை, சாதித் திமிரை, ஊரை ஏய்த்துப் பிழைப்பவனைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்த ஏழை கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். பிறகு வந்த படங்களில் எத்தனையோ இடங்களில் இந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. கதையில் சரக்கில்லையா? ஒருவனை நொண்ட விடு. இன்னொருவனைத் திக்க விடு. மூன்றாமவனுக்குக் காது மந்தம் என்று வை. தமாஷ் தயார்! இதற்கு மூளையும் வேண்டாம், முதலும் வேண்டாம்.

2023-ல் ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் வந்தது. ஞாபகமறதி உள்ள தகப்பன், காது கேளாதவர், திக்கிப் பேசுபவர், மாலைக்கண் உள்ளவர், இவர்களை வைத்தே சிரிப்பு மூட்டிய படம். சக்கர நாற்காலியில் இருந்தபடி உரிமைக்காகப் போராடிவரும் நிபுண் மல்ஹோத்ரா இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். டில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 ஜூலை 8-ல் தீர்ப்பு வந்தது. படத்தில் கை வைக்க கோர்ட் மறுத்துவிட்டது. ஆனால் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது: ஊனத்தைப் பற்றி ஜனங்களுக்குப் புரிய வைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு. அவர்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் அவர்களையே கலந்து பேச வேண்டும் என்றும் சொன்னது.

இது எங்கோ பம்பாயில் நடந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1991-ல் வந்த ‘சின்னத்தம்பி’யை நம் ஊர்களில் பார்க்காதவர் குறைவு. அதில் கவுண்டமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பார்வை இல்லை. அதை மறைக்க அவர் படும் பாடுதான் தமாஷ். கவுண்டமணி பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாலைக்கண் யாருக்கு வருகிறது? பெரும்பாலும் வைட்டமின் ஏ சத்துக் குறைவால் வருகிறது. பாலும் முட்டையும் கீரையும் பழமும் வயிற்றுக்குப் போதாத வீட்டுக் குழந்தைக்கு வருகிறது. பசியின் அடையாளம் அது. அதைத் திரையில் பார்த்து, அந்தப் பசியைத் தெரிந்தவர்களே கைதட்டுகிறோம்!

கிழக்கே திரும்பாமல் வடக்கே தருமபுரியைப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல் கறுத்து, முழங்கால் வளைந்தவர்கள் கிராமந்தோறும் உண்டு. நல்ல தண்ணீர் கொடுக்காதவன் குற்றம் அந்தக் காலில் எழுதப்பட்டிருக்கிறது. திரையில் அந்த நடை வந்தால் அதன் பெயர் காமெடி!

தோழர்களே, நம் சமவெளியில் ஊனம் எங்கே தயாராகிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியின் நாடா தெறித்தால் கண் போகிறது. பஞ்சாலையில் ஓடும் மிஷினைத் துடைக்கச் சொன்னால் விரல் போகிறது. சேகோ ஆலையின் அரவையில் கை சிக்குகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போகும் பையனின் காது, இரைச்சலில் மந்தமாகிறது. நாமக்கல் லாரி டிரைவர் தூக்கமில்லாமல் ஓட்டிக் கால் இழக்கிறார். பனையிலிருந்து விழுந்தவனுக்கு இடுப்பு போகிறது. ஊனத்தோடு பிறந்தவர்கள் ஒரு பங்கு என்றால், வேலை செய்து ஊனமானவர்கள் இன்னொரு பங்கு. இன்று முழுக் கையோடு இதைப் படிக்கும் எவருக்கும் நாளைய ஷிப்டுக்கு உத்தரவாதம் இல்லை.

1923-ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டம் தொழிலாளியின் உடம்பைத் துண்டு துண்டாக எழுதி விகிதம் போட்டது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் நஷ்டம். ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50 சதம். மறு கண் நன்றாயிருந்து ஒரு கண் போனால் 40 சதம். இந்தக் கணக்கையாவது வாங்க வேண்டுமானால், அடிபட்டவன் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று ‘என் கை போனது உன் மிஷினால்’ என்று சொல்ல வேண்டும். ஆனால் கேட்டில் அவனுக்கு என்ன வரவேற்பு? ‘மொட்டைக்கை’, ‘ஒத்தக்கண்ணு’, ‘நொண்டி’. மேஸ்திரி கூப்பிடுகிறார், கூட வேலை செய்தவனும் கூப்பிடுகிறான். கேட்டால், “சும்மா தமாசுக்குத்தானுங்க!” இந்தத் தமாஷில் குறுகிப்போனவன் கேஸ் நடத்துவானா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போகிறான். லாபம் யாருக்கு? முதலாளிக்கு. செலவில்லாமல் அவனுக்குக் கிடைத்த வக்கீல் இந்தக் கேலிச் சிரிப்பு.

சிலர் வேறு நியாயம் சொல்வார்கள்: “நாங்கள் எல்லோரையும்தான் கேலி செய்கிறோம், அவர்களை மட்டும் விட்டால் அதுதான் பாரபட்சம்.” அமெரிக்காவில் 1997 முதல் வரும் ‘சவுத் பார்க்’ என்ற கேலிச்சித்திரத் தொடரின் வழி இது. அதில் ஜனாதிபதியும் தப்புவதில்லை, பாதிரியாரும் தப்புவதில்லை. சக்கர நாற்காலியில் டிம்மி என்ற சிறுவனும், ஊன்றுகோலோடு ஜிம்மி என்ற சிறுவனும் வருகிறார்கள். ஊனமுற்றவர்களிலேயே இதை ரசித்தவர்கள் உண்டு. பி.பி.சி.யின் மாற்றுத்திறனாளிகள் பகுதி 2005-ல் நடத்திய வாக்கெடுப்பில் டிம்மிக்கே முதலிடம் கிடைத்தது. காரணம் என்ன? டிம்மி மற்றப் பையன்களோடு சரிசமமாக ஊர் சுற்றுகிறான். யாரும் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுவதில்லை. ஜிம்மியோ, தானே மேடையேறித் துணுக்குச் சொல்லும் ஹாஸ்யக்காரன். அவன் துணுக்கு அல்ல, துணுக்குச் சொல்பவன்.

ஆகவே ஊனமுற்றவரைக் கதையில் சேர்ப்பதோ, அவரை வைத்துச் சிரிப்பதோ தானாகவே குற்றமாகாது. ஆனால் ‘எல்லோரையும் அடிக்கிறோம்’ என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ஜனாதிபதியைக் கேலி செய்தால் மறுநாளும் அவர் ஜனாதிபதி. திக்கிப் பேசும் பையனைக் கேலி செய்தால் மறுநாள் அவன் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. கொழுத்தவன் மீதும் மெலிந்தவன் மீதும் ஒரே கல்லை எறிவது சமத்துவம் ஆகாது.

கேலிக்கு மாற்று மருந்து இரக்கமும் அல்ல. கேலி செய்யாத படங்களில் பாதி, ஊனமுற்றவரைத் தெய்வப் பிறவியாக்கி அழ வைக்கின்றன. அல்லது கோயில் வாசலில் உட்கார வைக்கின்றன. அவருக்குச் சம்பளம், காதல், கோபம், சங்கம் எதுவும் கிடையாது. 1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில் ஊரே ஒருவனைச் சப்பாணி என்கிறது. மயில் அவனிடம், அப்படிக் கூப்பிடுகிறவனை அறைந்துவிடு, உன் பெயர் கோபாலகிருஷ்ணன் என்று சொல், என்கிறாள். அந்த இடத்தில் கொட்டகை அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் பக்கம் நின்றது. ஊனம் மாறவில்லை, பெயர் மாறியது. பெயரோடு மனிதன் நிமிர்ந்தான்.

அப்படியானால் போலீசைக் கூப்பிட்டுப் படங்களை வெட்டச் சொல்லலாமா? கூடாது. சென்சார் கத்திரிக்கு வேலை கொடுத்தால் அது முதலில் வெட்டுவது தொழிலாளியின் பாட்டையும் நாடகத்தையும்தான். திரையில் வரும் கேலியை ரசிகன் தோற்கடிக்க வேண்டும். ஆனால் நேரில், பொது இடத்தில், ஒரு மனிதனை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவாகப் பேசுவது வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு அதைக் குற்றமாக்கியிருக்கிறது. 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. மேஸ்திரிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாம் செய்ய வேண்டியது என்ன? பட்டப்பெயரை ஆலை கேட்டிலும் களத்து மேட்டிலும் ஒழிக்க வேண்டும். சங்கக் கூட்டத்திலிருந்து முதலில் ஒழிக்க வேண்டும். அடிபட்ட தோழரை அனுதாபத் தீர்மானத்தோடு அனுப்பிவிடாமல் கமிட்டியில் உட்கார வைக்க வேண்டும். கூட்டத்தை மாடியில் வைக்காமல் கீழே வைக்க வேண்டும். சங்க விழாவில் நாடகம் போட்டால் நொண்டி வேஷம் கட்டிச் சிரிப்பு மூட்டாமல், கால் இழந்த தோழரையே எழுதவும் நடிக்கவும் சொல்ல வேண்டும். முதலாளியைப் பற்றி அவரிடம் நல்ல நல்ல துணுக்குகள் இருக்கும்!

உதவித்தொகைப் போராட்டத்தையும் நம் போராட்டமாக எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் அது ரூ.1,500 ஆக்கப்பட்டது. பக்கத்து ஆந்திராவில் 2024-ல் ரூ.6,000 ஆனது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். இவர்கள் சிரிப்புப் பாத்திரங்கள் அல்ல. ஒரு பெரும் படை. அந்தப் படை நம்மோடு ஒரே வரிசையில் நடக்கும்போது, சிரிப்பை மறப்பவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.